24 நிலை தாய் சி: யாங் பாணியின் சுருக்க வரிசையைக் காலிலிருந்து கற்கும் வழிகாட்டி

தாய் சி என்பது மெதுவான அசைவுகளாகச் செய்யும் சீனத் தற்காப்புக் கலை. அதன் பாணிகளில் ஒன்று யாங். அந்தப் பாணியின் சுருக்க வரிசையில் உள்ள 24 நிலைகளின் பெயர்களையும் படங்களையும் மனப்பாடம் செய்தவருக்குக்கூட, வரிசையாகச் செய்யும்போது கால் தடுமாறும். படம் காட்டுவது ஒவ்வொரு நிலையின் கடைசி நொடியை மட்டும்தான். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது உடல் பாரம் எந்தக் காலில் இருக்கிறது, எப்போது மாறுகிறது, பாதம் எவ்வளவு திரும்புகிறது என்பதெல்லாம் படத்தில் தெரியாது. முழங்கால் வலியும் அங்கேதான் தொடங்குகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் கால்தான் முதலில் வரும், கை அதற்குப் பிறகுதான்.

எதைச் சுருக்கினார்கள்?

யாங் பாணியின் வேர் ஹெனான் மாகாணத்தில் உள்ள சென் கிராமம். அங்கே சென் சாங்சிங்கிடம் கற்ற யாங் லுசான் 19ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் கற்பித்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு (1883–1936) திடீர் குதிப்புகளையும் வேக மாற்றங்களையும் நீக்கி, ஒரே சீரான, விரிந்த அசைவுகளாக அதை அமைத்தார். இன்று யாங் பாணி என்று பெரும்பாலோர் அறிந்திருப்பது அதைத்தான். அவருடைய நீண்ட வரிசையை எண்ணும் முறையைப் பொறுத்து 85, 103, 108 என்று பல விதமாகச் சொல்வார்கள். நிதானமாகச் செய்தால் 20 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் இதிலிருந்து 24 நிலைகளைத் தேர்ந்து ஒரு சுருக்க வரிசையை வெளியிட்டது. அதில் முக்கியப் பங்கு தற்காப்புக் கலை ஆசிரியர் லி தியன்ஜியுடையது. நீண்ட வரிசையில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் போயின. ஒரு பக்கம் மட்டும் செய்யப்பட்ட 'குருவியின் வாலைப் பிடித்தல்', 'தாழ்ந்து ஊர்தல்' ஆகியவற்றுக்கு மறுபக்கமும் சேர்க்கப்பட்டது. வரிசையும் மாறியது. பழைய முறையில் ஆரம்பத்திலேயே வரும் குருவியின் வால் இங்கே 7ஆவது இடத்துக்குப் போனது. நேராக முன்னே வைக்கும் அடிகள் முதலில், பின்னே வைக்கும் அடிகள் அடுத்து, உதையும் தாழ்வும் பிறகு என்று எளிதிலிருந்து கடினத்துக்குப் போகிறது. முழு வரிசைக்கு 4 முதல் 6 நிமிடம் போதும். நீளம்தான் குறைந்ததே தவிர, ஒவ்வோர் அடியிலும் இருக்கும் வேலை குறையவில்லை. 'எளிய வரிசை' என்ற பெயரை நம்பி இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று வருபவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்புவது இதனால்தான்.

இடமும் செருப்பும்

சுமார் 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் இருந்தால் தடையில்லாமல் முழுவதும் செய்யலாம். வரிசை முதலில் உங்கள் இடப்பக்கமாக நகரும் என்பதால், இடத்தின் வலது ஓரத்தில் தொடங்குங்கள். மரபுப்படி தெற்கு நோக்கி நிற்பார்கள். அப்படி நின்றால் இடப்பக்கம் கிழக்கு. கீழே திசைகளை அந்தக் கணக்கில்தான் சொல்லியிருக்கிறோம். உங்கள் மொட்டை மாடி வேறு திசையில் இருந்தால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள், பலன் ஒன்றும் குறையாது.

தட்டையான, மெல்லிய அடிப்பாகம் கொண்ட துணி ஷூ நல்லது. ஓடுவதற்கான ஷூவின் குதிகால் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும், பாதம் திரும்பும்போது தரையைப் பிடித்துக்கொள்ளும். யோகா விரிப்பின் மேல் செய்யவே வேண்டாம். பாதம் ஒட்டிக்கொள்ள, திருப்பம் முழுவதும் முழங்காலுக்குப் போய்விடும். ஈரமான டைல்ஸ் தரையும் வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: ஓர் அடி மட்டும்

வரிசையில் பாதிக்கு மேல் ஒரே அடிவைப்புதான். அது கைவராமல் நிலைகளுக்குப் போவதில் பயனில்லை. கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இப்படிப் பழகுங்கள்:

1. இடது கால் முன்னே, முழங்கால் மடிந்து. வலது கால் பின்னே, ஏறக்குறைய நீட்டி. முன்பாதம் நேராக, பின்பாதம் 45 முதல் 60 டிகிரி வெளியே. இதுதான் வில் நிலை. இரண்டு குதிகால்களுக்கும் நடுவே பக்கவாட்டில் 10 முதல் 30 செ.மீ. இருக்க வேண்டும்.
2. பாரத்தைப் பின்காலுக்குக் கொண்டுபோங்கள். முன்பாதத்தின் விரல்கள் தானாக மேலே எழும்.
3. இடுப்பை இடப்பக்கம் திருப்புங்கள். கூடவே இடது பாதம் குதிகாலை ஊன்றி 45 டிகிரி வெளியே திரும்பட்டும்.
4. பாதம் முழுவதும் தரையில் பதிந்த பிறகு பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றுங்கள்.
5. வலது காலை இடது கணுக்காலின் பக்கத்துக்கு இழுங்கள். தொடக்கத்தில் விரல்நுனி தரையைத் தொடலாம். பழகிய பின் தொடாமலே கடந்து போகலாம்.
6. வலது காலை முன்னே, அதன் பக்கமாகவே வைத்து, குதிகாலால் மட்டும் தரையைத் தொடுங்கள். அதில் பாரம் இருக்கக் கூடாது.
7. மெதுவாகப் பாரத்தை முன்னே மாற்றுங்கள். பாதம் படிகிறது, முழங்கால் மடிகிறது, பின்கால் நீள்கிறது. பின்குதிகாலைக் கொஞ்சம் வெளியே தள்ளிக் கோணத்தைச் சரிசெய்யுங்கள்.

6ஆவது படியில் நின்று ஒரு சோதனை செய்து பாருங்கள். முன்னே வைத்த காலை, உடலை அசைக்காமல் திரும்ப எடுக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அடி நீளமாக இருக்கிறது, அல்லது கால் வைக்கும்போதே உடல் முன்னே விழுகிறது. அடியைக் குறையுங்கள், இடுப்பைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

எப்போதும் இரண்டு விதிகள். முழங்கால் எந்தப் பக்கம் மடிகிறதோ அந்தப் பக்கமே கால்விரலும் பார்க்க வேண்டும். முன்முழங்கால் விரல்நுனியைத் தாண்டக் கூடாது. பாரம் ஏறிய பிறகு பாதத்தைத் திருப்புவதுதான் பெரும்பாலான முழங்கால் வலிக்குக் காரணம். 2ஆவது, 3ஆவது படிகளை இந்த வரிசை சேர்த்திருப்பதே அதைத் தவிர்க்கத்தான். யாங் குடும்ப வழியில் கற்பிக்கும் ஆசிரியர்களில் சிலர் இவ்வளவு பின்னே உட்காரச் சொல்வதில்லை. அதை அனுபவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக்கு 10 நிமிடம் இதுவே போதும். அடுத்து 'வெற்று நிலை': பாரம் பெரும்பாலும் பின்காலில், முன்காலின் விரல்நுனியோ குதிகாலோ மட்டும் தரையில். முன்காலை எந்த நேரமும் தூக்க முடிந்தால் அது சரி.

1 முதல் 3 வரை

தொடக்கம்: இடது காலைத் தோள் அகலத்துக்கு வைத்து, கைகளைத் தோள் உயரம் வரை முன்னே எழுப்பி, முழங்காலை மடக்கியபடி உள்ளங்கைகளை வயிற்றின் முன்வரை இறக்குங்கள். இடுப்பு நேரே கீழே இறங்க வேண்டும், பிட்டம் பின்னே தள்ளக் கூடாது. இங்கே எந்த உயரத்துக்கு இறங்கினீர்களோ, தாழ்வும் ஒற்றைக்காலும் தவிர மற்ற எல்லா நிலைகளிலும் அதே உயரம்தான். ஆகவே பேராசை வேண்டாம்.

காட்டுக்குதிரையின் பிடரி பிரித்தல் (இடம், வலம், இடம்): வலப்பக்கம் பந்தைப் பிடித்தது போல வலது கை மேலே, இடது கை கீழே, இடது கால் வலது காலின் அருகே. கிழக்கே இடது அடி வைத்து இடுப்பு திரும்பும்போது கைகள் பிரிகின்றன. இடது கை கண் உயரத்தில், உள்ளங்கை சாய்வாக மேலே. வலது கை வலது இடுப்பருகே, உள்ளங்கை கீழே. பிறகு மேலே சொன்ன ஏழு படிகள், வலப்பக்கம், மீண்டும் இடப்பக்கம். கை முதலில் போய்விட்டு உடல் பிறகு திரும்புவதுதான் இங்கே வழக்கமான தவறு. கைகளைப் பிரிப்பது இடுப்பின் வேலை.

வெள்ளைக் கொக்கு சிறகு விரித்தல்: வலது கால் அரை அடி முன்னே வருகிறது, பாரம் அதில் உட்காருகிறது, இடது கால் விரல்நுனியில் வெற்று நிலை. வலது கை நெற்றியின் வலப்பக்கம் மேலே, இடது கை இடது இடுப்பருகே. நெஞ்சை நிமிர்த்திக் காட்ட வேண்டியதில்லை.

4 முதல் 6 வரை

முழங்காலை வழித்துத் தள்ளுதல் (இடம், வலம், இடம்): வலது கை கீழே இறங்கிப் பின்னே சுற்றிக் காதருகே வரும். இடது கை முன்முழங்காலின் முன்னே வழித்துக்கொண்டு இடுப்பருகே நிற்கும். வலது உள்ளங்கை காதிலிருந்து மூக்கு உயரத்தில் முன்னே தள்ளும். இடது கால் முன்னே இருக்க, தள்ளுவது வலது கை. இப்படிக் கையும் காலும் எதிரெதிராக இருப்பதால் உடல் முறுக்கிக்கொள்ளும், ஆட்டம் வரும். அதனால்தான் இங்கே பக்கவாட்டு அகலம் 30 செ.மீ. வரை வேண்டும். பிடரி பிரித்தலில் ஒழுங்காக நின்றவர் இங்கே ஆடினால் காரணம் பெரும்பாலும் இந்த அகலம்தான்.

பீபா மீட்டல்: பின்கால் அரை அடி வந்து பாரம் ஏற்கிறது, இடது குதிகால் மட்டும் முன்னே தொடுகிறது. இடது கை மூக்கு உயரத்தில், வலது கை இடது முழங்கையின் உட்பக்கம். பீபா என்பது சீன நரம்பிசைக் கருவி.

குரங்கை விரட்டிப் பின்வாங்குதல் (நான்கு முறை): முகம் கிழக்கே, அடிகள் பின்னே. பின்னே போகும் காலின் விரல் முதலில் தொட்டு, பிறகு பாதம் முழுவதும் படிகிறது. அதன் பிறகே பாரம். பின்னே வைக்கும் கால் மற்றக் காலுக்கு நேர் பின்னால் போனால் கயிற்றில் நிற்பது போல ஆகிவிடும். தன் பக்கமாகவே சற்று விலகிப் போகட்டும். நான்காவது அடியில், அதாவது வலது கால் கடைசியாகப் பின்னே போகும்போது, அந்தப் பாதத்தை வழக்கத்தைவிட அதிகமாக வெளியே திருப்பி வையுங்கள். அடுத்த நிலைக்கான திருப்பம் அதனால் எளிதாகும்.

7, 8: குருவியின் வாலைப் பிடித்தல்

இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு, நான்கு விசைகள். இதற்கு ஒரு முழு வாரம் கொடுங்கள்.

இடப்பக்கம்: கிழக்கே இடது வில் நிலை, இடது முன்கை வளைந்து தோள் உயரத்தில் முன்னே தாங்குகிறது (பெங்). இடுப்பு சற்று இடப்பக்கம் திரும்ப, கைகள் முன்னே நீண்டு, பாரம் பின்னே போகும்போது இடுப்போடு சேர்ந்து வலப்பக்கம் கீழாக இழுக்கின்றன (லு). இழுப்பது கை இல்லை, பின்னே உட்காரும் இடுப்புதான். அடுத்து வலது கை இடது மணிக்கட்டின் உட்பக்கம் வந்து சேர, பாரம் முன்னே, இரு கைகளும் சேர்ந்து அழுத்துகின்றன (ஜி). கைகள் தோள் அகலத்துக்குப் பிரிகின்றன. மீண்டும் பின்னே உட்கார்ந்து முன்பாதத்தின் விரல் எழ, கைகள் வயிற்றின் முன்னே வந்து, பாரத்தோடு சேர்ந்து முன்னே மேலாகத் தள்ளுகின்றன (ஆன்).

இனிமேல்தான் ஆபத்தான இடம். கிழக்கிலிருந்து மேற்கே திரும்ப வேண்டும். பாரத்தை வலது காலுக்குக் கொண்டுபோய், இடது பாதத்தைக் குதிகாலில் ஊன்றி முடிந்த அளவு உள்ளே திருப்புங்கள். 90 டிகிரிக்கு மேல் போனால் நல்லது. அதன் பிறகே பாரம் இடது காலுக்கு. உள்ளே திருப்புவது குறைந்தால், பாரம் ஏறிய இடது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். இடுப்பு இறுக்கமானவர்கள் இங்கே இடது பாதத்தை இரண்டு தவணையாகத் திருப்பலாம். வகுப்பில் யாராவது இதைத் தவறு என்றாலும் கவலைப்படாதீர்கள்.

9 முதல் 11 வரை

ஒற்றைச் சாட்டை: பாரம் இடது காலுக்கு, வலது பாதம் உள்ளே திரும்புகிறது, பாரம் வலது காலுக்கு வந்ததும் வலது கை கொக்கியாகிறது, விரல்கள் சேர்ந்து கீழ்நோக்கி. இடது காலைக் கிழக்கே வைத்து, இடது உள்ளங்கையை மெதுவாகத் திருப்பித் தள்ளுங்கள். கொக்கி நேர் பின்னால் போய்விட்டால் தோள் இறுகும். பக்கவாட்டில் சற்றுப் பின்னே போதும்.

மேகக் கைகள் (மூன்று முறை): முகம் தெற்கே, நகர்வு இடப்பக்கம். வலது கால் இடது காலின் அருகே 10 முதல் 20 செ.மீ. விட்டு இணையாக வந்து சேரும், பிறகு இடது கால் பக்கவாட்டில் விலகும். ஒரு கை கண் உயரத்தில் கடக்க, மற்றொன்று வயிற்றளவில் கடக்கும். தலை மேலும் கீழும் ஆடாமல் இருக்கிறதா என்று பக்கத்தில் ஒரு ஜன்னல் கம்பியை வைத்துப் பாருங்கள். மூன்றாவது முறை வலது கால் சேரும்போது அதன் விரலைச் சற்று உள்ளே திருப்பி வைத்தால், அடுத்த ஒற்றைச் சாட்டைக்கு இடது கால் தாராளமாகப் போகும்.

12 முதல் 15 வரை: உதைகள்

குதிரையைத் தட்டுதலில் பின்கால் அரை அடி வருகிறது. வலது கை காதருகிலிருந்து முன்னே, இடது கை உள்ளங்கை மேலாக இழுபடுகிறது. பிறகு இடது கால் இடது முன்பக்கம் அடி வைக்க, கைகள் சுற்றி நெஞ்சின் முன் குறுக்காகச் சேர்கின்றன, வலது கை வெளியே. வலது முழங்காலை உயர்த்தி, குதிகாலைக் கிழக்கிலிருந்து சுமார் 30 டிகிரி தெற்காக, மெதுவாக நீட்டுங்கள். வலது கை அந்தக் காலின் மேலே, அதே திசையில்.

உதையின் உயரம் முக்கியமே இல்லை. முழங்கால் அளவுக்கு உதைத்து நேராக நிற்பவர், இடுப்புக்கு மேல் உதைத்து முதுகைப் பின்னே சாய்ப்பவரைவிடத் தேர்ந்தவர். நிற்கும் கால் லேசாக மடிந்தே இருக்கட்டும்.

14ஆவது நிலையான இரட்டைச் சிகரத்துக்குக் காலை அப்படியே கீழே போட்டுவிடக் கூடாது. முதலில் முழங்காலை மடக்கித் திரும்ப இழுத்து, பிறகு நிற்கும் காலை மடக்கி, குதிகாலை வையுங்கள். கைமுட்டிகள் இருபுறமும் சுற்றிக் காது உயரத்தில் வருகின்றன. அடுத்து 15: பின்னே உட்கார்ந்து, வலது பாதத்தை உள்ளே திருப்பி, பாரம் ஏற்றி, முதல் உதைக்கு நேர் எதிர்த்திசையில் இடது உதை.

16, 17: தாழ்ந்து ஊர்தல், ஒற்றைக்கால் சேவல்

இடது காலை இழுத்து, வலது கை கொக்கி. வலது காலில் மெதுவாக உட்கார்ந்துகொண்டே இடது காலை மேற்கே நழுவ விடுங்கள். இடது கை அந்தக் காலின் உட்பக்கமாக முன்னே துளைத்துப் போகும். பிறகு இடது விரல் வெளியே, வலது விரல் உள்ளே, பாரம் முன்னே, எழும்பி இடது காலில் நில்லுங்கள். வலது முழங்கால் உயர, வலது முழங்கை அதற்கு மேலே. 17 இதன் மறுபக்கம். வலது காலை இடது காலின் முன்னே இறக்கி, இடது முன்பாதத்தில் சுழன்று தொடங்குங்கள்.

உட்காரும் குதிகால் தரையை விட்டு எழுந்தால் அல்லது முழங்கால் உள்ளே சாய்ந்தால் அங்கேயே நில்லுங்கள். அதுதான் உங்கள் ஆழம். பாதி உட்கார்ந்தால்கூட நிலை நிறைவானதே. முழங்காலில் ஏற்கெனவே பிரச்சினை உள்ளவர்கள் அடியை மட்டும் வைத்து, உட்காராமலே பாரத்தை மாற்றிச் செய்யலாம்.

18 முதல் 20 வரை

நாடா ஓட்டுதல் நெசவிலிருந்து வந்த பெயர். மேற்கிலிருந்து இருபுறமும் சுமார் 30 டிகிரி விலகி, முதலில் வலது கால் முன்னே, பிறகு இடது கால். முன்காலின் பக்கத்துக் கை நெற்றிக்கு மேலே தாங்குகிறது, மற்றக் கை தள்ளுகிறது. மேலே போகும் கையோடு தோளும் ஏறிவிடாமல் பாருங்கள். கடலடி ஊசியில் உடல் முன்னே சாயலாம், ஆனால் முதுகு வளையக் கூடாது, தலை தொங்கக் கூடாது. விசிறி விரித்தலில் இடது வில் நிலை. வலது கை நெற்றிக்கு மேல், இடது கை முன்னே.

21 முதல் 24 வரை

பின்னே உட்கார்ந்து இடது பாதத்தை உள்ளே திருப்பி, கிழக்கே திரும்புகிறோம். வலது கால் விரல் வெளியே திரும்பியபடி முன்னே, வலது கைமுட்டி புரண்டு முன்னே. இடது கால் முன்னே, இடது கை தடுக்க, வலது கைமுட்டி இடுப்பிலிருந்து நெஞ்சு உயரத்தில் குத்து. குத்தும்போது வலது தோளை முன்னே தள்ள வேண்டாம். சாத்துவது போல் தள்ளுதலில் கைகள் பிரிந்து, பின்னே உட்கார்ந்து, மீண்டும் தள்ளுகின்றன. குறுக்குக் கைகளுக்குத் தெற்கே திரும்பி, வலது காலைத் தோள் அகலத்துக்கு இழுங்கள். கைகள் இறங்க, கடைசியில் இடது கால் சேர்கிறது. கடைசி இரண்டு நிலைகளில்தான் பலரும் அவசரப்படுவார்கள். மூச்சு அதைக் காட்டிக்கொடுக்கும்.

பயிற்சி அளவு

அடிக்கு இரண்டு வாரம், பிறகு மேலே பிரித்த பகுதிக்கு ஒன்றிரண்டு வாரம் என்றால் நான்கு மாதத்துக்குள் வரிசை கைவந்துவிடும். புதிய பகுதியைப் படிக்கும் நாளிலும் பழையதை முதலிலிருந்து ஒருமுறை செய்யுங்கள். மூச்சை அசைவோடு வலிந்து பொருத்த வேண்டாம். மூக்கு வழியாக இயல்பாகப் போகட்டும். மாதம் ஒருமுறை கைபேசியைப் பக்கவாட்டில் வைத்துப் பதிவுசெய்து நேரத்தைப் பாருங்கள். 4 நிமிடத்துக்குள் முடிந்தால் இடையில் எங்கோ பாரம் மாறாமல் தாவியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது 7க்கும் 8க்கும் நடுவில், அல்லது 15இன் திருப்பத்தில் இருக்கும்.

இதற்குப் பிறகு எங்கே போவது என்பதில் எங்கள் பரிந்துரை: யாங் பாணியிலேயே ஆழம் வேண்டுமென்றால் நீண்ட வரிசை. பல பாணிகளைக் கலந்து பார்க்க வேண்டுமென்றால் 1976இல் வந்த 48 நிலை வரிசை, அல்லது போட்டிகளுக்காக அமைத்த 42. சென் பாணியின் சுருக்க வரிசைகளுக்கு, அதாவது சென் ஜெங்லெய் அமைத்த 18க்கும் சென் சியாவோவாங் அமைத்த 19க்கும், உடனே தாவ வேண்டாம். அங்கே சுருள் அசைவும் திடீர் விசையும் உண்டு. 24இல் உட்கார்ந்து, திருப்பி, பிறகு பாரம் ஏற்றும் ஒழுங்கு யோசிக்காமலே வரும்வரை அவை முழங்காலைத்தான் கேட்கும்.